குதிரைத் தொட்டியில் சுருட்டைக் கொட்டி

அன்புள்ள மகன் தணிகாசலத்துக்கு,

முதலில் இந்த எழுத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளாகப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. சில மேலே ஏறிவிடுகின்றன, சில பள்ளத்தில் இறங்கிய சக்கரம் போலச் சாய்ந்துகொள்கின்றன. மூன்று சுழி போட வேண்டிய எழுத்து வந்தால் ஒவ்வொரு முறையும் காற்றில் விரலால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளில் போடுகிறேன். உன் பெயரிலேயே அது இருப்பதால் தப்பிக்கவும் வழியில்லை. நாற்பது வருடம் கடிவாளம் பிடித்த கை இது. பென்சிலை இழுத்துப் பிடித்தால் முனை ஒடிகிறது, தளர விட்டால் அது பாட்டுக்கு ஓடுகிறது. ஒரு பக்கம் முடிக்க எனக்கு இரண்டு பகல் ஆகிறது. நீ ஒரு பீடி பிடிக்கும் நேரத்தில் படித்துவிடுவாய். மெல்லப் படி.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருபவரின் கடிதங்கள். அவர் ஊரில் எல்லாருக்கும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுவார். "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்று ஆரம்பிப்பார். வீட்டில் நானும் குதிரையும்தானே, யாவரும் என்று எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அது சம்பிரதாயம்யா, அத வுட்டுட்டா லெட்டர் மாதிரியே இருக்காது" என்றார். குதிரை பங்காரு செத்த பிறகும் ஒருமுறை யாவரும் க்ஷேமம் என்று எழுதினார். அந்தக் கார்டு உனக்கு வந்திருக்கும்.

உனக்கு மகள் பிறந்த கார்டு வந்த அன்று நான் ஸ்டேஷன் டீக்கடையில் இருந்தேன். தபால்காரர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு எட்டு அடி தூரத்திலேயே, "தாத்தா ஆயிட்டியா பெரியவரே! ஜபல்பூர்ல பேத்தி பொறந்துகீது, டீ சொல்லு எல்லாருக்கும்!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள், முதுகில் தட்டினார்கள். நானும் டீ சொன்னேன். என் பேத்தி பிறந்ததை எனக்கு முன்னால் கடை முழுவதும் தெரிந்துகொண்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று வரி. கலியாணம் செய்துகொண்டதைச் சொன்ன கார்டிலும் மூன்று வரிதான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டீக்கடை முழுவதும் கேட்கப்போகிறது என்று தெரிந்தால் ஒரு மகன் தன் நைனாவுக்கு வேறு என்ன எழுதுவான்? மறுநாள் சாயங்காலமே நெசவுக்காரர் சத்திரத்தில் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே சொல்லிக்கொடுப்பது உன்னைவிட வயதில் சிறிய ஒரு பெண். வாத்தியாரம்மா என்று கூப்பிடுகிறோம். என்னைத் தாத்தா என்பாள், தப்பு எழுதினால் தாத்தா என்பதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். எனக்கு முதலில் பிடிபட்டது ஸ்டேஷன் பெயர்ப்பலகைதான். அதன் நிழல் குதிரைக்கு நல்லது என்று நாற்பது வருடம் அதன் அடியில் வண்டியை நிறுத்தியவன் நான். ஒருநாள் அண்ணாந்து பார்த்தேன், ஊரின் பெயர் பேசியது! சந்தோஷத்தில் போர்ட்டரைக் கூப்பிட்டு, "திருத்தணின்னு போட்டுகீதுபா!" என்றேன். "பின்ன அரக்கோணம்னா போடுவான்?" என்றான். அவன் கிடக்கிறான். இப்போது மலைப்படி ஏறினால் படிக்கு ஒருமுறை நிற்கிறேன். படிக் கல்லில் செதுக்கியிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். ஆடிக் கிருத்திகை அன்று பூக்காவடிக் கூட்டம் பின்னால் நெரிக்க, ஒரு பெயருக்கு மேல் காலை வைத்துக்கொண்டு நின்றேன். "ஏறு பெரியவரே, இன்னா தேடிகினு கீறே?" என்று ஒருவன் முதுகில் கை வைத்துத் தள்ளினான். நீ வராத ஏழாவது ஆடிக் கிருத்திகை அது.

பேத்தியைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. அதற்கு முன் ஒரு சேதி சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் இத்தனை மாதம் எழுத்துப் படித்தேன் என்று தோன்றுகிறது. உன் செடி முளைத்திருக்கிறது. அதே தொட்டியில்.

நீ இதை நம்பமாட்டாய். நானும் முதலில் நம்பவில்லை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாசி மாதம் பங்காரு செத்துப்போனாள். வயதுதான், வேறு நோவு ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து பார்த்தபோது படுத்தபடியே போயிருந்தாள். ஸ்டேஷனுக்கு இப்போது பஸ் வருகிறது, இன்னொரு குதிரை வாங்கி நான் எங்கே போகப்போகிறேன். வண்டியை விற்றுவிட்டேன். ஆனால் பார், விடிந்ததும் கால் தானாகக் கிணற்றுக்குப் போகும். இரண்டு குடம் இழுத்து அவளுடைய கல்தொட்டியில் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் குடிக்கக் குதிரை இல்லை என்பது நினைவுக்கு வரும். அடுத்த நாளும் அதேதான். கொஞ்ச நாள் கழித்து, தெரிந்தேதான் ஊற்றினேன். வேறு ஒரு வேலையும் இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு உயிருக்குத் தண்ணீர் வைப்பது பழகிவிட்டது.

கோவிந்தம்மா அந்த வழியாகப் போவாள். உனக்கு நினைவிருக்கும், மலையடிவாரத்தில் கூடை வைத்து, ஏரிச் சேற்றில் எடுத்த கொட்டிக்கிழங்கை உப்புப் போட்டு அவித்து விற்பாளே, அவள்தான். இப்போதும் விற்கிறாள். ஒருநாள் நின்று பார்த்தாள். "இன்னா அண்ணே, குதிர செத்து மூணு மாசம் ஆவுது, இன்னும் தொட்டிக்குத் தண்ணி ஊத்திகினு கீறே? பேய் வந்து குடிக்குதா?" என்றாள். "ஆங், வந்து குடிச்சிட்டு ஒன்ன கேட்டுட்டுப் போச்சு" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள், "அண்ணே, உன் தொட்டில கொட்டி கீதே" என்றாள்.

குனிந்து பார்த்தேன். தொட்டியின் மூலையில், விரல் கனம் படிந்திருந்த சேற்றிலிருந்து, மூன்று இலைகள். சுண்டுவிரல் அகலம் இருக்காது. பொரித்த அப்பளத்தின் ஓரம் போல இரு பக்கமும் நெளிந்து நெளிந்து போயிருந்தன. கோவிந்தம்மா பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

இனி அந்த நாளைப் பற்றி எழுதாமல் முடியாது, தணிகாசலம். ஏழு வருடமாக நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நீ அப்போது சென்னைப் பட்டணத்துக் காலேஜில் வேலையில் இருந்தாய். மீன் விட்டு வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவதும், அதில் நீர்ச்செடி நடுவதும் உன் வேலை. மீனுக்கு வீடு கட்டி, அதற்குத் தோட்டமும் போடுகிறார்கள் என்று நீ சொன்னபோது நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். எட்டு நாள் லீவில் வந்தவன், மலைக்குப் பின்புறம் பாறை நடுவே இருந்த சுனையில் இந்தச் செடியைப் பார்த்துவிட்டு, இருந்ததையெல்லாம் கிழங்கோடு பெயர்த்து ஈர வேட்டியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாய். குதிரைத் தொட்டியை எனக்குக் கொடு என்று கேட்டாய். பங்காருவுக்கு வாளியில் தண்ணீர் வைத்தேன்.

அன்று நீ சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. "நைனா, இது ஏரிக் கொட்டி இல்ல. ஏரிக் கொட்டி எல தண்ணி மேல வந்து படுக்கும். இது மேல வரவே வராது. ஓரத்தப் பாரு, சுருட்ட சுருட்டயா கீது. அடில செவப்பு. எல்லாத்துக்கும் மேல, பூ வர காம்பு நுனில பூ இல்ல நைனா, குட்டி கீது! குட்டிச் செடி!" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். கிளம்பும்போது வண்டியில் ஏறியும் திரும்பிப் பார்த்துச் சொன்னாய்: "கோடைல எல காஞ்சு போயிடும். செத்துப் போச்சுன்னு நெனச்சுடாதே. கெழங்கு தூங்கும். தொடாம வுட்டுடு. வாத்தியாரக் கூட்டிகினு வரேன்."

சித்திரையில் இலை காய்ந்தது. உன் மாமன் நாகய்யா வந்திருந்தான். தொட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா பாவா, கொட்டி காஞ்சு கெடக்குது, இன்னும் எடுக்கலியா? வுட்டா புழு வெச்சிடும்" என்றான். நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இலை காய்ந்தால் கிழங்கு முற்றிவிட்டது, எடு என்று அர்த்தம். சேற்றில் கை விட்டோம். ஒரு சொம்பு நிறைய வந்தது. உப்புப் போட்டு அவித்துத் தின்றோம்.

ஆனியில் நீ உன் வாத்தியாரோடு ரயிலை விட்டு இறங்கினாய். அவர் கையில் தகரப் பெட்டி, பூதக்கண்ணாடி. உனக்குப் புதுச் சட்டை. என் மகனோடு காலேஜ் வாத்தியார் என் வண்டியில் ஏறியதில் எனக்கு ஒரே பெருமை. அவர் என் தோளைத் தொட்டு, "பெரியவரே, உங்க பையன் சொல்றபடி இருந்தா இது இந்தப் பக்கத்துல யாரும் பார்க்காத வகை. தாள்ல ஒட்டி, கண்டெடுத்தவர்னு இவன் பேரை எழுதிக் காலேஜ்ல வைப்போம். அப்படியே இவனுக்கு நல்ல வேலையும் ஆகும்" என்றார். நான் கடிவாளத்தைப் பிடித்தபடி திரும்பாமலே சிரித்தேன். "கொட்டியா சாமி? அத நானும் எம் மச்சானும் அவிச்சுத் துன்ட்டோமே! நல்ல மாவு. சொல்லிட்டு வந்திருந்தா உங்களுக்கும் ஒரு கை எடுத்து வெச்சிருப்பேன்." சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு நீ மெல்லிய குரலில், "நைனா, இன்னா சொல்றே?" என்றாய்.

வீட்டுக்கு வந்து முழங்கை வரை தொட்டியில் கை விட்டுத் துழாவினாய். பங்காரு குடித்துக் கலக்கிய தண்ணீர். ஒன்றும் இல்லை. "எல காஞ்சாலும் தொடாதேன்னு சொன்னேனே நைனா" என்றாய். நீ கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நீ கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "ஏரிச் சேத்துல கெடக்கறதுக்கு பேரு வேற கேக்குதாடா?" என்று உன் கன்னத்தில் அறைந்தேன், உன் வாத்தியார் எதிரில். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த ரயிலுக்கு இருவரும் நடந்தே போனீர்கள். நீ காலேஜிலும் நிற்கவில்லை. ஆள் எடுக்கிறார்கள் என்று பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக ஜபல்பூரிலிருந்து கார்டு வந்தபோதுதான் எனக்குத் தெரியும்.

எல்லாரிடமும் நான் தெரியாமல் செய்ததாகத்தான் சொன்னேன். இலை காய்ந்தது, எடுத்தேன், எவனும் எடுப்பான் என்றேன். அது பொய். நாகய்யா கேட்டபோது நீ வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னது, உன் குரலோடு, என் காதில் கேட்டது. கேட்டும்தான் கையை விட்டேன். ஏன் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து வந்தவன் நீ. உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேச எனக்கு நீ ஒருவன்தான். எட்டு நாளும் நீ தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாய். இலையை அளந்தாய், நோட்டில் எழுதினாய். நான் வந்து பக்கத்தில் நின்று ஏதாவது சொன்னால், தலை தூக்காமல் "ஆங் நைனா, ஆங்" என்றாய். ஒரு பாசிமேல் நான் பொறாமைப்பட்டேன். வேறு பெயர் அதற்கு இல்லை. இதை எழுதித் தருபவரிடம் எப்படிச் சொல்லி எழுதச் சொல்வேன்? நீ படிப்பது இருக்கட்டும், எழுதுகிற அவருக்கும் தெரிந்துவிடுமே. அந்த வெட்கத்தில் ஏழு வருடம் போய்விட்டது. இந்தத் தாளை வாத்தியாரம்மாவிடம்கூடக் காட்டவில்லை. தப்பு இருந்தால் இருக்கட்டும்.

நீ கிளம்பிப் போன அந்த வாரமே நான் அந்தச் சுனைக்கு ஏறிப் போனேன். உனக்குத் தெரியாது. பாதை அகலப்படுத்த வெடி வைத்துப் பாறையை உடைத்து, அந்தக் கல்லையெல்லாம் சுனையில் தள்ளியிருந்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு கோடையில் போய்ப் பார்த்தேன். கல்லுக்குக் கீழே ஈரம்கூட இல்லை.

இப்போது திரும்பத் தொட்டிக்கு வருகிறேன். மூன்று இலையைப் பார்த்ததும் உனக்கு எழுதியிருப்பேன், ஆனால் ஒருமுறை உன் செடியை ஏரிக் கொட்டி என்று சொன்னவன், இப்போது ஏரிக் கொட்டியை உன் செடி என்று சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். கோவிந்தம்மா வேறு, "இன்னா பெரிய அதிசயம். தண்ணி ஆழமா இருந்தா எந்தக் கொட்டியும் முங்கித்தான் கெடக்கும். என் கூடையில் கெடக்கறதுக்கு அக்கா தங்கச்சிதான் இது" என்றாள். கிழங்கு விஷயத்தில் அவளை எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. "அப்படீன்னா உன் தங்கச்சி ஒண்ணக் குடு" என்றேன். ஏரியிலிருந்து வேரோடு ஒரு கொட்டி கொண்டுவந்து தந்தாள். அதே தொட்டி, அதே சேறு, அதே தண்ணீர். ஒரு சாண் தள்ளி அதை நட்டேன். தினமும் இரண்டு வேளை பார்த்தேன். பதினைந்து நாளுக்குள் அவளுடைய கொட்டி தண்ணீர் மட்டத்துக்கு வந்து, இலையைத் தட்டையாக விரித்துப் படுத்துக்கொண்டது. உன்னுடையது புதிது புதிதாக இலை விட்டது, ஒன்றும் மேலே வரவில்லை. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் இலை வளைந்து உள்ளேயே இருந்ததே தவிர மேலே விரியவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தேன். வெற்றிலை போட்ட உதட்டு நிறம். கோவிந்தம்மா வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆங் அண்ணே, இது நம்ம சாதி இல்ல" என்று ஒத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்: "இதத்தான துன்னே?"

இத்தனை வருடம் அது எங்கே இருந்தது என்று கேட்பாய். நாங்கள் அவித்தது பெரிய கிழங்கு மட்டும்தான். வேர்க்கடலை அளவில் இருந்ததைச் சேற்றிலேயே விட்டுவிட்டோம். அப்புறம் பங்காரு அதில் குடித்தாள். குடித்து முடித்ததும் மூக்கைத் தொட்டி அடியில் வைத்துத் தேய்ப்பாள், உனக்கு நினைவிருக்கிறதா? கிழவிக்கு என்ன விளையாட்டு என்று நான் சிரிப்பேன். அவள் விளையாடவில்லையடா. தளிர் விடவிட மேய்ந்திருக்கிறாள்! ஏழு வருடம் அது முளைப்பதும் அவள் தின்பதுமாகப் போயிருக்கிறது. அவள் போன பிறகும் நான் தண்ணீர் ஊற்றியதில் அது பிழைத்துக்கொண்டது. ஊற்றும்போது எனக்கு இது தெரியாது. இல்லாத குதிரைக்குத்தான் ஊற்றினேன்.

ஆடி முடியும்போது நடுவிலிருந்து ஒரு காம்பு கிளம்பியது. அதன் நுனியைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலித்தது. ஒருநாள் காலை, நுனியில் பச்சையாக ஒரு முடிச்சு. இரண்டு நாளில் அது மூன்று குட்டி இலையாகப் பிரிந்தது. பூ இல்லை. குட்டி. கன்றுக்குட்டி போல அம்மாவின் கயிற்றில் தொங்கிக்கொண்டு மிதந்தது. நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ மூச்சு வாங்கச் சொன்னது எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. வீட்டில் சொல்ல யாரும் இல்லாததால் தெருவில் போன பஸ்ஸைப் பார்த்துச் சொன்னேன்.

உனக்கு எழுதுவதற்கு முன் உன் வாத்தியாருக்கு ஒரு கார்டு எழுதினேன். அதுதான் நான் எழுதிய முதல் கடிதம். நான் யார், என்ன தின்றேன், இப்போது என்ன முளைத்திருக்கிறது என்று எட்டு வரி. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பதில் வந்தது. தபால்காரர் வழக்கம் போல வாயைத் திறந்தார். "குடுப்பா இங்க, எனக்கு வந்தது" என்று வாங்கிக்கொண்டேன். டீக்கடையே வாய் மூடி என்னைப் பார்த்தது. அதில் அவர் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது உன்னுடையது: "உங்கள் கிழங்குக் கதையை வகுப்பில் சொல்லிச் சிரிப்பதுண்டு. உங்கள் மகனை நினைத்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது கொட்டியின் இனம்தான். இலை சுருண்ட வகைகள் உண்டு. குட்டி போடுவதும் உண்டு. ஆனால் இந்தச் சிவப்போடு நான் பார்த்ததில்லை. பூவைப் பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டேன். பூ வந்தால் எழுதுங்கள். கண்டெடுத்தவர் யார் என்று தாளில் எழுத ஓர் இடம் உண்டு. அதில் என்ன எழுதட்டும்?"

அன்றே பதில் போட்டேன். அந்தக் கார்டில் உன் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும்தான். ஸ்டேஷன் பலகையில் இருப்பது போலப் பெரிதாக எழுதினேன்.

டீக்கடைக்காரரிடம் பிஸ்கட் போட்டு வைத்திருந்த பழைய கண்ணாடி ஜாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். குட்டியைப் பிரித்து, அடியில் சேறும் மேலே ஆற்று மணலும் போட்டு அதில் நட்டிருக்கிறேன். மீனுக்குத் தோட்டம் போடுகிறார்கள் என்று நீ சொன்னபோது நான் சிரித்தது இதை நினைத்துத்தானா என்று வெட்கமாக இருக்கிறது. வெயில் பட்டால் இலையின் சிவப்பு சுவரில் விழுகிறது. அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வீட்டில் வேறு அசைவு இல்லை, இது ஒன்றுதான் அசைகிறது. எழுதும்போது அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறேன், அதனாலும் நாளாகிறது.

உன் மகள் வளர்ந்து, நாளைக்கு ஏதாவது புல்லையோ பூண்டையோ கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். உனக்கு டியூட்டி முடிந்த அலுப்பாக இருக்கும். அது எந்தச் சாக்கடைப் புல்லாக இருந்தாலும் சரி, முதலில் அவள் பக்கத்தில் உட்கார். அவள் தலை தூக்காமல் உனக்கு ஆங் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதே. அவளிடமே கேள், அதில் என்ன இருக்கிறது என்று. நான் அதைக் கேட்டிருந்தால் எட்டு நாளும் நீ எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருப்பாய். எனக்குத் தெரிந்த புத்திமதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் குதிரையைப் பற்றியது.

இங்கே வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பத்து நாளில் அந்த வார்த்தையை நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன், தாளில் தடம் தெரியும். அறைந்தவன் வா என்று சொல்வது எப்படி? அதனால் வேறொன்று கேட்கிறேன். எனக்கு எழுது. மூன்று வரி வேண்டாம். உறையில் போட்டு ஒட்டி அனுப்பு. அன்றைக்கு வண்டிக்குள் நீ பேசாமல் இருந்தாயே, அதை எழுது. ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது உன் வாத்தியாரிடம் என்ன சொன்னாய், எழுது. திட்டுவதாக இருந்தாலும் எழுது. இனிமேல் உன் கடிதத்தை நான் மட்டும்தான் படிப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நாளாகும், அது நல்லதுதான்.

இப்போது தொட்டியில் இரண்டாவது காம்பு கிளம்பியிருக்கிறது. கட்டைவிரல் உயரம் வந்துவிட்டது. முதல் காம்பைவிட இதன் நுனி கொஞ்சம் பருமனாக இருக்கிறது. பூவா, குட்டியா என்று இன்று சொல்ல முடியவில்லை. கோவிந்தம்மா குட்டி என்கிறாள். நான் பூ என்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பிரிந்துவிடும். உன் பேச்சைக் கேட்டு இந்த முறை தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன வந்தது என்று அடுத்த வாரம் உனக்குத்தான் முதலில் எழுதுவேன், வாத்தியாருக்கு அப்புறம்.

உன் நைனா